கழியின் வாய்

ஆந்திராவின் தமிழ் எல்லையில், நகரியில், எங்கள் வீட்டில் இரண்டு பவர்லூம்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆர்டர் குறைந்தபோது நைனா, என் அப்பா, ஒன்றை விற்றார். அடுத்த வருஷம் இன்னொன்றும் போனது. அண்ணன்கள் இருவரும் திருப்பூருக்குக் கிளம்பிவிட்டார்கள். இன்டர், அதாவது பிளஸ் டூ, முடித்துவிட்டு வீட்டில் இருந்த என்னைத் தடாவுக்குக் கிழக்கே, ஏரிக்கரையில் இருக்கும் ஒரு சிற்றூரில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை வேன் டிரைவர். பக்கத்தில் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த சமயம் அது. வேன் ஓட்டத் தெரிந்தவனுக்குப் பெண் கொடுக்க யாரும் யோசிக்கவில்லை.

ஏரி என்றதும் கரையும் மதகும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். இது பழவேற்காட்டு ஏரி; கடலோடு சேர்ந்தது, உப்புத் தண்ணீர். ஊருக்கும் ஏரிக்கும் நடுவில் பார்த்த இடமெல்லாம் சேறு, ஆழமில்லாத தண்ணீர், உமரிச் செடி. அந்த நிலத்தை ஊரில் கழி என்பார்கள். மழைக்காலத்தில் மேற்கே இருந்து வரும் வெள்ளம் அதில் நிறைந்து, குறுகலான ஓர் இடத்தின் வழியாக ஏரிக்குள் இறங்கும். மழை ஓய்ந்த பிறகு அதே வழியாக ஏரியின் உப்புத் தண்ணீர் உள்ளே வரும். தண்ணீர் போகவும் வரவும் இருந்த அந்த ஒரே வழிக்கு வாய் என்று பெயர்.

கல்யாணமான மறுநாள் காலை அந்தச் சேற்று நாற்றத்தில் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வாசலில் என் ஓர்ப்படி, அதாவது என் கணவரின் அண்ணன் மனைவி, இடுப்பு வரை நனைந்த சேலையோடு நின்று நண்டு கழுவிக்கொண்டிருந்தார்.

"எப்பிடிக்கா இந்த நாத்தத்துல இருக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"நாத்தமா? எனக்கு ஒண்ணியும் தெர்லயே. கொழம்பு கொதிக்கட்டும், அப்ப சொல்லு" என்றார்.

மதியம் அந்த நண்டுக் குழம்பைத் தின்றுவிட்டு நான் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் தெருவில் யாருக்கும் நிலம் கிடையாது. நாற்று நட, களை எடுக்க, அறுக்க என்று மற்றவர் வயலுக்குப் போனவர்கள்தான் எல்லோரும். வயலில் வேலை இல்லாத மாதங்களில் கழிதான் சோறு போட்டது. பெண்கள் குனிந்தபடியே தண்ணீரில் நடந்து, சேற்றை விரலால் தடவி இறால் பிடிப்பார்கள். ஓலையில் பின்னிய சிறு பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். பிடித்தது அதற்குள் போகும். குளிர்காலத்தில் பூநாரை பார்க்க வெளியூரிலிருந்து கார்கள் வரும். கேமராவைத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். பறவைகளுக்குப் பக்கத்திலேயே குனிந்து நிற்கும் பெண்களை அவர்கள் படம் எடுத்து நான் பார்த்ததில்லை.

நான் கழியில் இறங்கவில்லை. என் கணவர் ஓட்டிய வேனிலேயே ஏறி ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனேன். பாக்கிங் பிரிவு. ஏ.சி. ஹால், சீருடை, மாதம் பிறந்தால் சம்பளம். ஓலைக்கூரை போய் எங்கள் வீட்டுக்குத் தளம் வந்தது. மகளை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தோம். சென்னையில் கட்டட வேலைக்குப் போயிருந்த மச்சான், ஓர்ப்படியின் கணவர், மாதத்துக்கு ஒருமுறை வரும்போதெல்லாம், "நீங்கதான் பொழைக்கத் தெரிஞ்சவங்க" என்பார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஒரு கோடையில் டிப்பர் லாரிகள் வர ஆரம்பித்தன. செம்மண்ணும் கிராவலும் கொண்டுவந்து கழியின் தென்பக்கத்தில் கொட்டின. கிடங்குகளும், பெரிய லாரிகள் நிறுத்தும் யார்டும் வரப்போவதாகச் சொன்னார்கள். முதலில் ரோடு வேண்டும் என்று, கழிக்குக் குறுக்கே நீளமாக ஒரு மண்கரை எழுப்பினார்கள்; ஊரில் அதைக் கட்டை என்பார்கள். அது வாய்க்கு நேராகப் போனது. தண்ணீர் போக இரண்டு சிமெண்ட் குழாய்களை உள்ளே வைத்து மேலே மண்ணை மூடினார்கள். அந்தக் குழாயில் ஒரு ஆள் தவழ்ந்து போகலாம். வெள்ளம் எப்படிப் போகும்?

ஓர்ப்படியும் இன்னும் சில பெண்களும் போய்க் கேட்டார்கள். அங்கிருந்த சூப்பர்வைசர், "இதி பஞ்சரு பூமி அம்மா, எந்துக்கு கலாட்டா?" என்றாராம். தெலுங்கில் பஞ்சரு என்றால் ஒன்றுக்கும் உதவாத தரிசு; அதற்குப் போய் எதற்குக் கலாட்டா என்கிறார்.

"பஞ்சரா? இன்னா டயரா இது?" என்று ஓர்ப்படி கேட்டதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சூப்பர்வைசரும் சிரித்தார். லாரி மட்டும் நிற்கவில்லை.

அந்த வாரம் மரத்தடியில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். பாதிப் பேர், கிடங்கு வரட்டும் என்றார்கள். ரோடு வரும், செக்யூரிட்டி வேலையாவது கிடைக்கும், பஸ் ஊருக்குள் வரும் என்பது அவர்கள் பேச்சு. மீதிப் பேர் கழி போய்விடும் என்றார்கள். நான் ஷிப்ட் முடிந்து வந்து, கடைசியில் நின்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்ற வைத்தேன். அது கழியில் இறங்குகிறவர்கள் விவகாரம் என்று நினைத்தேன்.

ஐப்பசி மழை என்னையும் அதற்குள் இழுத்துவிட்டது.

இரண்டு நாள் விடாமல் பெய்தது. அதைவிடப் பெரிய மழையை எல்லாம் ஊர் பார்த்திருக்கிறது. தண்ணீர் கழியில் ஏறும், வாய் வழியாக வடியும், அவ்வளவுதான். இந்த முறை கட்டையில் முட்டிய தண்ணீர் திரும்பி ஊருக்குள் வந்தது. குழாய்களில் செத்தையும் வேலிக்காத்தான் முள்ளும் போய் அடைத்துக்கொண்டன. காலையில் நான் எழுந்து காலை ஊன்றியபோது கணுக்கால் வரை தண்ணீர். மகளின் பள்ளிப் பை கட்டிலுக்கு அடியில் மிதந்துகொண்டிருந்தது. அரிசி டிரம்மைக் கட்டில் மேல் ஏற்றினோம். தளம் போட்ட வீடு எங்களுடையது என்பதால் தெருவில் பாதிப் பேர் எங்கள் மாடியில் வந்து நின்றார்கள், ஆடுகளோடு. அங்கிருந்து பார்த்தால் கட்டைக்கு இந்தப் பக்கம் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தப் பக்கம் ஏரி தாழ்வாக, எந்தக் கவலையும் இல்லாமல் கிடக்கிறது.

ஓர்ப்படி மாடியிலிருந்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கீழே இறங்கிப் போய்க் கடப்பாரையை எடுத்தார்.

"எங்கக்கா போறீங்க?"

"வாயத் தொறக்க."

அவர் பின்னால் பெண்கள் போனார்கள், ஆண்கள் போனார்கள். ரோடு வேண்டும் என்று கூட்டத்தில் பேசியவர்களும் மண்வெட்டியோடு வந்தார்கள், அவர்கள் வீட்டிலும் தண்ணீர்தானே. நானும் போனேன். இடுப்பளவு தண்ணீரில் நின்று மாற்றி மாற்றி வெட்டினோம். கிராவல் இறுகிப்போய்க் கல்லாக இருந்தது. மத்தியானத்துக்கு மேல் ஒரு முழ அகலத்துக்கு வழி கிடைத்தது. அதற்கப்புறம் தண்ணீரே மண்ணை அறுத்துக்கொண்டு போனது. சாயங்காலத்துக்குள் தெருவில் சேறுதான் மிச்சம்.

மறுநாள் போலீஸ் ஜீப் வந்தது. சொத்தைச் சேதப்படுத்தியதாகக் கேஸ். சிலர் பெயரை எழுதினார்கள். அதில் ஓர்ப்படியும் நானும் இருந்தோம். என் வாழ்க்கையில் என் பெயர் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்துக்கும் கம்பெனிக்கும் வெளியே எழுதப்பட்டது அங்கேதான்.

மழை நின்றதும் லாரிகள் திரும்ப வந்தன. வெட்டிய இடத்தை மூட விடாமல் பெண்கள் அங்கேயே போய் உட்கார்ந்தார்கள். முறை வைத்துக்கொண்டார்கள். காலையில் சிலர், மதியத்துக்கு மேல் சிலர். எனக்கு ஷிப்ட் இல்லாத நேரத்தில் நானும் போய் உட்கார்ந்தேன். வெயிலுக்குச் சேலைகளை முடிந்து பந்தல் மாதிரி கட்டிக்கொண்டோம். வெற்றிலைப் பை, சோற்றுத் தூக்கு, கைக்குழந்தைகள் எல்லாம் அங்கேதான்.

என் கணவர் ஓட்டிய வேன் சொந்த வண்டி இல்லை, ஒரு கான்ட்ராக்டருடையது. கம்பெனிகளுக்கு வேன் விடும் அதே ஆள்தான் கழிக்கு மண் அடிக்க டிப்பர்களும் விட்டிருந்தார். ஒருநாள் மாலை என் கணவர் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா, மொகம் ஒரு மாதிரி கீது?"

"ஓனர் கூப்ட்டு அனுப்ச்சாரு. நீ அங்க போயி ஒக்காந்துகினு இருந்தா வண்டி கெடையாதாம்."

"நீ இன்னா சொன்ன?"

"வூட்ல கேட்டுச் சொல்றேன்னேன்."

"சரி, கேளு."

அவர் துணியைப் பிழிந்துகொண்டே என்னைப் பார்த்தார். "கேக்கறதுக்கு இன்னா கீது? பதிலு உன் மூஞ்சிலயே எழுதிக் கீதே."

மகளின் பீஸ், தளம் போட வாங்கிய கடன், எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. "நானு வோணா ஒக்கார்ல, போ. வண்டிய உட்டுடாத" என்று சொல்ல நாக்கு வரை வந்தது. அவரே முந்திக்கொண்டார்.

"தண்ணி வந்தன்னிக்கு ஓனரா வந்து நம்ப பொண்ணத் தூக்கிக்கினாரு? வுடு."

மறுநாள் காலை ஷிப்டுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய்க் கம்பெனியில் விட்டார். சொல்லாமல் நின்றால் அவர்களுக்கு அன்றைய சம்பளம் போகும் என்பதற்காக. அதற்குப் பிறகு வேனைக் கொண்டுபோய் ஓனர் வீட்டு வாசலில் நிறுத்திச் சாவியைக் கொடுத்துவிட்டு, தடாவிலிருந்து நடந்தே வீட்டுக்கு வந்தார். இரண்டு மாதம் கிடைத்த வேலையெல்லாம் செய்தார். பிறகு ஒரு ஷேர் ஆட்டோவைப் பிடித்து சூளூர்பேட்டை ரூட்டில் ஓட்ட ஆரம்பித்தார்.

உட்கார்ந்திருந்தால் மட்டும் போதாது, எழுதியும் கொடுக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். எனக்குத் தமிழும் தெலுங்கும் எழுத வரும் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. அர்ஜி, மனுவை அப்படித்தான் சொல்வோம், எழுதிக்கொண்டு எம்.ஆர்.ஓ. என்னும் தாசில்தார் ஆபீசுக்குப் போனோம். அங்கே நெல்லூருக்குப் போகச் சொன்னார்கள். எங்கள் ஊர் அப்போது நெல்லூர் ஜில்லா. லீவு போட்டுவிட்டு ரயிலில் போவோம். கலெக்டர் ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்துத் தின்போம். கூப்பிட்டால் உள்ளே போவோம், கூப்பிடாவிட்டால் இன்னொரு வாரம். இப்படியே போய் வந்து, ஒருவழியாக அங்கே எங்கள் முகம் பழகி, "கழி அம்மாள்கள் வந்துட்டாங்க" என்று பியூன் சொல்கிற அளவுக்கு ஆனது. விசாரணைக்கு ஆள் அனுப்புகிறோம் என்றும் சொன்னார்கள்.

அந்த நேரம் பார்த்து ஜில்லாக்களைப் பிரித்தார்கள். எங்கள் மண்டலம், அதாவது தாலுகா, திருப்பதி ஜில்லாவில் சேர்ந்தது.

"இனிமே நீங்க திருப்பதிலதான் குடுக்கணும்" என்றார்கள் நெல்லூரில்.

திரும்பி வரும் ரயிலில் நான் பழைய அர்ஜிகளை மடித்துப் பைக்குள் வைத்தேன். ஓர்ப்படி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். கூடூர் தாண்டியதும் திடீரென்று சொன்னார்: "திருப்பதின்னா சாமியும் பாத்த மாதிரி ஆவும். நெல்லூர்ல இன்னாத்தப் பாத்தோம்?"

எல்லோரும் சிரித்தோம். அடுத்த திங்கட்கிழமை முதல் பாராவிலிருந்து புதிதாக எழுதிய அர்ஜியோடு திருப்பதியில் வரிசையில் நின்றோம். சாமி பார்க்க நேரம் கிடைக்கவில்லை. கடைசி பஸ்ஸைப் பிடிக்கவே ஓட வேண்டியிருந்தது.

திருப்பதிக்கு நடந்ததன் பலனாக, மக்கள் கருத்தைக் கேட்ட பிறகுதான் மீதி வேலை என்று சொல்லி, ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். ஷாமியானா போட்டிருந்தார்கள். மேடையில் அதிகாரிகள், நடுவில் ஒரு பெண் அதிகாரி. கிடங்கு கட்ட வந்த கம்பெனிக்காரர்கள் வரைபடத்தைத் திரையில் காட்டினார்கள். அதில் எங்கள் கழி பச்சையும் இல்லாமல் நீலமும் இல்லாமல் சாம்பல் நிறத்தில் இருந்தது. அறிக்கையைத் தெலுங்கில் படித்துக்கொண்டே போனவர், இந்த நிலத்தில் மீன்பிடித் தொழில் எதுவும் நடப்பதில்லை என்று படித்தார்.

ஓர்ப்படி எழுந்துவிட்டார். "அப்ப நானு இத்தினி வருசமா எதுல எறங்கினு இருந்தேன்?"

கூட்டம் கலகலத்தது. அமைதி, அமைதி என்று மைக்கில் கத்தினார்கள். அப்போது எங்கள் தெருப் பெண் ஒருத்தி மைக் கேட்டாள். என்னோடு ஒரே லைனில் பாக்கிங் வேலை செய்தவள்; என்னை அக்கா அக்கா என்று சுற்றிவருபவள். எங்களுக்காகப் பேசப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"எங்க நைனாவும் கூலி, எங்கம்மாவும் கூலி. நானு டிகிரி முடிச்சிகீறேன். தெனம் இருட்டுல எழுந்து வேன் புடிச்சிப் போய்க்கினு கீறேன். இங்கியே வேலை வந்தா எங்கள மாதிரிப் பசங்களுக்கு நல்லதுதானே? முதுகு ஒடிய எறா தடவறதுக்கா எங்கள படிக்க வெச்சாங்க?" என்றாள்.

பின்னால் இருந்த பையன்கள் கைதட்டினார்கள். அவள் சொன்னதில் எது பொய்? நானும் சேற்றில் இறங்காமல்தானே பிழைத்தேன். அவள் என்னைப் பார்க்காமல் போய் உட்கார்ந்தாள்.

அடுத்து மைக்கை என் கையில் கொடுத்தார்கள். தெலுங்கில் ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியத்தில் தடுமாறினேன். மேடையில் இருந்த பெண் அதிகாரி, "தமிழ்லயே சொல்லும்மா, நானும் சித்தூருதான், எனக்குத் தமிழ் தெரியும்" என்றார்.

"மேடம், நானும் கம்பெனிலதான் வேலை செய்றேன். என் வூட்டுத் தளம் கம்பெனி சம்பளத்துல போட்டது. கம்பெனி வோணான்னு நாங்க யாரும் சொல்லல. அந்தப் பொண்ணுக்கு வேலை வோணும், நாளைக்கி என் பொண்ணுக்கும் வோணும். மெயின் ரோட்டுக்கு மேற்கால மேடான எடம் எவ்ளோ சும்மா கெடக்குது, அங்க கட்டுங்க. இங்க வாய அடைச்சா தண்ணி எங்க போவும்? எங்க வூட்டுக்குள்ளதான் வரும், வந்துச்சி. வேலைக்கிப் போறவங்க வூடும் இங்கதான கீது? அப்புறம் எங்க ஓர்ப்படி மாதிரி இருக்கறவங்கள எந்த கம்பெனி வேலைக்கி எடுத்துக்கும்? வயசு கேப்பாங்க, படிப்பு கேப்பாங்க. கழி இதுவரிக்கும் யாரையும் ஒண்ணும் கேட்டதில்ல."

எனக்குப் பிறகு பெண்கள் வரிசையாக வந்தார்கள். ஒருத்தி நண்டு என்றாள், ஒருத்தி மடவை மீன் என்றாள். ஒருத்தி தன் மகளின் கல்யாணத்தை இறாலிலேயே முடித்ததாகச் சொன்னாள். மேடையில் எழுதிக்கொண்டிருந்தவரிடம், எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டாமல் போக விடமாட்டோம் என்று ஓர்ப்படி மேடைப் படியிலேயே உட்கார்ந்துகொண்டார். பெண் அதிகாரி வாசிக்கச் சொன்னார். விட்டுப்போனதை நாங்கள் சொல்லச் சொல்ல அங்கேயே சேர்த்து எழுதினார்கள். வெயில் சாய்ந்துவிட்டது. கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்த பிரியாணிப் பொட்டலங்கள் ஆறிப்போய்க் கிடந்தன.

உத்தரவு வர மாதக்கணக்கில் ஆனது. அதுவரை உட்கார்ந்திருக்கும் முறையை நாங்கள் விடவில்லை. வந்த உத்தரவு முழுதும் எங்கள் பக்கம் என்று சொல்ல முடியாது. மண் கொட்டி மேடாக்கிய தென்பக்கம் போனது போனதுதான். அதை அள்ள யாரும் வரவில்லை. மீதிக் கழியைத் தொடக்கூடாது, வாய்க்கு மேலே இருக்கும் கட்டையை எடுத்துவிட்டு, தண்ணீர் போகப் பெரிய கண்கள் வைத்த பாலம் கட்ட வேண்டும் என்று வந்தது. பாலத்தைக் கட்டினார்கள். கிடங்குக் கம்பெனி, மெயின் ரோட்டுக்கு மேற்கே வேறு இடம் பார்த்துக்கொண்டு போனது.

பாலம் வந்த முதல் வருஷம் இறால் சரியாக வரவில்லை. ஓர்ப்படி வெறும் பறியோடு திரும்பி வந்த நாட்கள் உண்டு. அதற்கடுத்த மழைக்குப் பிறகு வந்தது. பழைய அளவு இல்லை என்கிறார். தெருவுக்குள் தண்ணீர் மட்டும் அப்புறம் வரவேயில்லை. கூட்டத்தில் எதிர்த்துப் பேசிய பெண் கும்மிடிப்பூண்டியில் வாழ்க்கைப்பட்டு அங்கேயே ஒரு கம்பெனிக்குப் போகிறாள். ஊருக்கு வந்தால் என் வீட்டுக்கு வருவாள், டீ குடிப்பாள். அந்தப் பேச்சை மட்டும் இருவரும் எடுப்பதில்லை. கேஸ் இன்னும் சூளூர்பேட்டை கோர்ட்டில் நடக்கிறது. வாய்தாவுக்கு எல்லோரும் என் கணவரின் ஆட்டோவிலேயே போய் வருகிறோம்.

போன தை மாதம் கழியின் வடபக்கத்தில் யாரோ மஞ்சள் பெயின்ட் அடித்த கற்களை நட்டுக்கொண்டிருப்பதாகச் சேதி வந்தது. எனக்கு அன்று வார லீவு. கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடினேன். ஓர்ப்படிக்கு இப்போது முட்டி வலி, அதிகம் நடக்க முடியாது; ஆனாலும் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தார். டேப் பிடித்துக்கொண்டிருந்த ஆட்களிடம் எதற்கு அளக்கிறீர்கள் என்று கேட்டோம்.

"சும்மா சர்வேம்மா, ஒண்ணுமில்ல" என்றான் ஒருவன்.

ஓர்ப்படி புதிதாக நட்ட கல்லின் மேல் சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"சரி. நாங்களும் சும்மாதான் ஒக்காந்துகீறோம்" என்றார்.

மற்ற பெண்கள் வரப்பு வழியாக வந்துகொண்டிருந்தார்கள். நான் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டு, மத்தியானச் சோற்றை இங்கேயே கொண்டுவரச் சொன்னேன்.